படிக்கெணறும் தலைவர் வேசமும்

நாடகம் போட்டு ஊர்ப் பிரச்சனையத் தீக்கறோம்னு கெளம்புற மாணவன் மொதல்ல திட்டு வாங்கக் கத்துக்கணும், அப்பறம்தான் வசனம். நீங்களும் லீவுல முகாம் போய்ப் பள்ளிக்கூடத் தரையில படுத்து எழுந்த ஆளுன்னா நான் சொல்றது புரியும். "படிக்கற பசங்களுக்கு இது தேவையா"ன்னு கேக்கறவங்க, முழுசாப் படிச்சுட்டு அப்பறம் சண்டைக்கு வாங்க. நான் ரெடி.

ராஜா வரல

தருமபுரிப் பக்கம் இண்டூர்லருந்து உள்ள தள்ளி ஒரு ஊரு. பேரு சொல்லமாட்டேன், தலைவர் இன்னும் பதவியில இருக்காரு. குடிதண்ணிக்கு ஒரே ஒரு படிக்கெணறு. எல்லாரும் படி எறங்கி, தண்ணிக்குள்ள நின்னு கொடத்த முக்குவாங்க. அங்கதான் நரம்புச்சிலந்தி நோவு ஒட்டும். கால்ல கொப்பளம் வெடிச்சு, வெள்ளை நூலாட்டம் புழு வரும். அந்தக் காலோட தண்ணியில நின்னா புழுக்குஞ்சு கெணத்துல எறங்கும். அத வடிகட்டாம குடிச்சவங்களுக்கு அடுத்த வருசம் புழு. படிய அடைச்சு, சுத்துச்சுவர் கட்டி, ராட்டினம் போட்டா சனியன் வுட்டுது. இதச் சொல்லத்தான் காலேஜு பசங்க ஆறு பேரு முகாம் போனோம்.

ஒரு டோலக்கு, ரெண்டு துண்டு, இதான் எங்க சாமான். அது, ராஜா வர்றதுக்கு முன்னாடி கட்டியங்காரன் வந்து சேதி சொல்ற கூத்து பாத்துப் பழகுன ஊரு. கிரீடம் இல்ல, அரிதாரம் இல்ல. ரொம்ப நேரம் எங்களையே பாத்துக்கிட்டிருந்த ஒருத்தர் கேட்டாரு: "கட்டியங்காரனுங்க எல்லாம் வந்துட்டீங்க, சரி. ராஜா எந்த பஸ்ஸுக்கு வராரு?"

மீசையும் சேலையும்

எங்க பயிற்சில ஒரு சட்டம். பாதில நாடகத்த நிறுத்துவோம். "இது சரியில்ல"ன்னு தோணுறவங்க எழுந்து வந்து அந்த வேசத்த எடுத்துக்கலாம். ஒருத்தரும் அசையல. "சாமி குத்தம் தம்பி, தண்ணிய ஏன் பழி சொல்றே?"ன்னாரு ஒருத்தர். அவர்கிட்ட கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஜாபர்தான் என்னை இழுத்துட்டுப் போனான். தருமபுரி டவுன்ல தையல்காரர் மவன், எங்க கூட்டத்துல நிதானமான ஒரே ஆளு.

அடுத்த நாள் புழு வந்த பொம்பளையா நான் வந்தேன். மீசைய எடுக்கமாட்டேன்னு சண்டை போட்டு, அதோடதான் சேலை கட்டினேன். "ஐயோ அம்மா"ன்னு நொண்டினேன். சனம் வுழுந்து வுழுந்து சிரிச்சுது.

மாதம்மான்னு ஒரு அக்கா மட்டும் சிரிக்கல. கூலிக்குக் கடலை புடுங்கறவங்க. நெசமாவே கணுக்கால்ல புழு வந்து, வேலை நேரத்துல வூட்டோட கெடந்தாங்க. அவங்க மவளும் அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிக்குது. கட்டுப்போட்ட காலோட நடுவுல வந்தாங்க. பொம்பள நடிக்கறதான்னு ஆம்பளைங்க முணுமுணுத்தாங்க. அக்கா யாரையும் பாக்கல, என்னத்தான் பாத்தாங்க. "என் நோவுக்கு மீச வச்சவன் அழுவறதா? போய் உக்காரு. நான் பேசிக்கறேன்."

தலைவர் எழுந்தாரு

ஊர்த் தலைவர் வேசம் ஜாபருக்கு. வயித்துல தலகாணி, தோள்ல நீளத் துண்டு. மாதம்மாக்கா கேட்டாங்க, "படிய எப்பங்க அடைப்பீங்க? எம் மவளுக்கும் கால் வெடிக்கட்டும்னு பாக்கறீங்களா?" ஜாபர், "பாக்கலாம்மா, பாக்கலாம்"ன்னு வெத்தல மென்னான்.

முன்னாடி நாற்காலில உக்காந்திருந்த நெசத் தலைவர் எழுந்தாரு. நான் சண்டைக்கு ரெடியாயி சேலைய இழுத்துச் செருகிட்டேன். ஆனா அவருக்குக் கோவம் நடிப்பு மேல! "டேய், நானாடா இப்படி வழவழன்னு பேசுவேன்? எறங்குடா"ன்னு ஜாபர வெலக்கிட்டு அவரே நின்னாரு. தலகாணி தேவப்படல.

அக்கா அதே கேள்வியத் திருப்பிக் கேட்டாங்க. ஊரே பாக்குது. மனுசன் நெஞ்ச நிமித்தி, "வர்ற காரிமங்கலம் சந்தைக்குள்ள படிய அடைக்கறேன்! இது என் வாக்கு!"ன்னாரு. விசில் பறந்துது. முடிஞ்சதும் என் பக்கத்துல வந்து ஆசையாக் கேட்டாரு: "எப்படிப்பா? நல்லா வந்துதா?"

காலிக் கொடம்

சந்தை வந்துது, போச்சு. கல்லு ஒண்ணு வரல. நாங்க மூட்டை கட்டுற நேரம். கலெக்டர் ஆபீசு வாசல்ல போய்க் கத்தறேன்னு நான் குதிச்சேன். "நீ சும்மா இரு தம்பி"ன்னுட்டு மாதம்மாக்கா ஊருப் பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு, காலிக் கொடத்தோட தலைவர் வூட்டு வாசல்ல போய் நின்னாங்க.

தலைவர் சிரிச்சு மழுப்புனாரு. "ஏம்மா, அது நாடகம். நாடகத்துல சொன்னத எல்லாம் புடிச்சுக்கிட்டு வருவீங்களா?" அக்கா குனிஞ்சு கால் கட்ட அவுத்தாங்க. புழு பாதி வெளிய வந்து ஒரு குச்சில சுத்தியிருந்துது. "அது நாடகம்னா, இன்னேரம் இந்தக் காலு நல்லா ஆயிருக்கணுமே, தலைவரே."

ராட்டினம்

அந்த வாரமே கல்லு வந்துது. ஊர் ஆம்பளைங்க படிய அடைச்சு ராட்டினம் போட்டாங்க, நாங்க கட்டுன மூட்டையப் பிரிச்சுட்டு மண்ணு சொமந்தோம். மாதம்மாக்கா மவதான் மொதக் கொடம் இழுத்துச்சு. கால் நனையல. அன்னிக்கு முழுக்க நான் யாரோடயும் சண்டை போடல. ஜாபர் அத இன்னிக்கும் அதிசயமாச் சொல்லிக்கிட்டுத் திரியறான்.

பஸ் ஏறப் போறப்ப தலைவர் என்ன ஓரமாக் கூப்பிட்டாரு. "அடுத்த நாடகத்துக்கு என் வசனத்த நீங்களே எழுதிக் குடுத்துடுங்க தம்பி. நானாப் பேசுனாக் கட்டுப்படியாகல."

காலேஜுல எங்கள நடிக்கத் தெரியாத கோஷ்டின்னு சொல்றாங்க. ஆமாங்க, நாங்க வேசத்த வுட்டுக் குடுத்தாத்தான் ஊருல வேலை நடக்குது.