குந்திப் பார்த்து வாங்கிய ரிவால்வர்

எறையூரில் கரும்புக் கொல்லைக்கு நடுவே இருக்கும் என் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்பதற்காகத்தான் நான் அந்த ரிவால்வரையே வாங்கினேன். மற்றபடி யாரையும் சுடும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது.

கணவர் இறந்த பிறகு அங்கே தனியாகத்தான் இருக்கிறேன். அடுத்த கொல்லைக்காரியின் தாலிச் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடியதும், சென்னையில் இருக்கும் என் மகன் ஒற்றைக் காலில் நின்றான்.

"ஒண்ணு எங்கூட வந்துடு, இல்ல லைசென்ஸ் எடுத்து இடுப்புல ஒரு துப்பாக்கிய வச்சுக்க. ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

துப்பாக்கி என்றால் பயந்து பெட்டியைக் கட்டிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். பெற்றவளைப் பற்றித் தெரியாத பிள்ளை. "வச்சுக்கறேன்" என்றேன். கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் செருப்புத் தேய நடந்து லைசென்ஸ் வாங்கினேன். திருச்சிக் கடைக்கு அவனையே கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் முதலில் நீளக் குழல் வைத்த ஒன்றை எடுத்தார். குறி தப்பாதாம். உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிய பிறகு, உறையோடு இடுப்பில் செருகிக்கொண்டு, கடை நடுவிலேயே புல் அறுப்பதுபோல் குந்தினேன். குழல் தொடையில் குத்தியது.

"எந்திரிம்மா, எல்லாரும் பாக்குறாங்க." மகன் பல்லைக் கடித்தான்.

"பாக்கட்டும். நாளெல்லாம் குந்தி எந்திரிக்கிறவ நான்தான?"

அடுத்ததன் பின்பக்கக் கொக்கி சேலையைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டைக் குழல். எந்தப் பக்கமும் எதுவும் துருத்தவில்லை. குந்தினேன், குனிந்தேன், அங்கே கிடந்த ஸ்டூலை ஸ்கூட்டியாக நினைத்து உட்கார்ந்தும் பார்த்தேன். இடுப்பில் இருப்பதே தெரியவில்லை.

"சின்னதுதாங்கம்மா கையில ஜாஸ்தி உதைக்கும்" என்றார் கடைக்காரர்.

"எங்க வூட்டுச் செவலை மாட்ட விடவா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் மகனும் சிரித்துவிட்டான்.

அதை வைக்கப் பாவாடையில் உள்பை தைக்க வேண்டியிருந்தது. பெரம்பலூரில் எனக்குத் தைத்துக் கொடுக்கும் பெண் அளவைப் பார்த்து முழித்தாள்.

"இவ்ளோ ஆழமாவாக்கா? உள்ள என்ன வைக்கப் போறீங்க?"

"போனு."

"போனுக்கா இவ்ளோ கெட்டித் துணி?"

"பெரிய போனு" என்றேன்.

அரியலூர் கடைத்தெருவுக்கும் விக்கிரமங்கலத்தில் நாத்தனார் வீட்டுக்கும் அதோடுதான் போய் வந்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பிறகு தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தேன். இருட்டியதும் பயம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வழக்கம்போலப் படுத்துத் தூங்கினேன். இந்த வீட்டில் இருப்பதற்கு எனக்கு அந்த இரும்பு தேவையே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு சந்தோஷம்! மகனிடம் இதைச் சொல்லி, சென்னைப் பேச்சை ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

காலையில் அவனே கூப்பிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா? அப்பா போனதுலேர்ந்து எனக்கு சரியான தூக்கமே இல்ல. நீ அங்க தனியா இருக்கியேன்னு முழிச்சு முழிச்சுப் பாப்பேன். நீ அத வாங்குன பொறவுதான் நல்லா தூங்குறேன்."

இத்தனை நாளும் அவன் முரண்டு பிடிக்கிறான் என்றே நினைத்திருந்தேன்.

"இடுப்புலதான இருக்கு?" என்று கேட்டான்.

"இருக்கு தம்பி" என்றேன். "நீ நல்லா தூங்கு."