பூரித்த கன்னமும் உடைந்த மணிக்கட்டும்

போன வாரம் சிலிபின் டவுனில் ரெஜினா அக்காவின் இடது கை உடைந்தது. விழவில்லை, அடிபடவில்லை. அடுப்பிலிருந்து கேத்தலைத் தூக்கினார்... மணிக்கட்டு போயிற்று.

அக்கா என் மனைவிக்கு உடன்பிறந்த மூத்தவர். கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணியதும் டவுனுக்கு வந்துவிட்டார்.

யாரோ ஒரு கடையில் பெயர் ஒட்டாத மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். வலி பறந்தது. கன்னம் பூரித்தது. சர்ச் வாசலில் ஒரே பாராட்டு — "அக்கா, பெரிய வீட்டு டத்தின் மாதிரி இருக்கீங்க லா." ஒட்டிய கன்னக்காரனான நான், எனக்கும் நாலு மாத்திரை கிடைக்குமா என்று கேட்டேன்.

கை உடைந்த அன்று கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"முகத்தில இருக்கிறது சதை இல்லை, ஸ்டீராய்டு தந்த வீக்கம். முடக்குவாத வருத்தமும் எலும்பைத் தின்னுது, இந்தக் கடைக் குளிசையும் தின்னுது. திடீரெண்டு நிப்பாட்டாதேங்கோ, நான் மெல்லக் குறைக்கிறன். விட்டமின் டியும் வேணும். வெயிலுக்குப் போறனீங்களோ?"

அக்காவின் கணவர் அந்தோணி சிரித்தார். "தோட்டத்துக்காரிக்கு வெயில் பத்தாதா டாக்டர்?"

"பால்காட்டுல எங்க வெயிலு?" என்றார் அக்கா. "மரத்து நெழலு. கொசுவுக்குப் பயந்து முழுக்கை சட்டை, தலையில துண்டு. இங்க வந்தா, கறுத்துடுவேன்னு நீங்க வெளியவே விடுறதில்ல." பிறகு டாக்டரிடம் மெதுவாக — "வலது கையாவது மிஞ்சுமா? என் சோத்த நானே அள்ளித் தின்னணும்."

எனக்குக் கொதித்தது. பெயர் சொல்லக் கூசும் மருந்தை விற்பவனுக்கு எப்படித் தூக்கம் வருகிறது? தோட்டம் என்றாலே வெயில் என்கிறோமே, அந்த மரத்தடியில் போய் நின்று பார்த்தவர் நம்மில் யார்? வீக்கத்தைப் பார்த்து ஆரோக்கியம் என்று கைகுலுக்குகிறோம். தோல் கறுக்கக் கூடாது. உள்ளே எலும்பு கரைந்தால் பரவாயில்லை... நாமெல்லாம் என்ன ரகம்?

நேற்றுக் காலை போனேன். அக்கா வீட்டு வாசலில், நல்ல வெயிலில், மாவுக்கட்டுக் கையோடு நாற்காலியில் இருந்தார். பக்கத்து வீட்டம்மா வேலி மேல் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, கறுத்துடப் போறீங்க லா."

"கறுத்தா என்ன? என்னைப் பொண்ணு பாக்கவா வாராங்க?"

அந்தோணி குடையோடு வெளியே வந்தார். அக்கா திரும்பிப் பார்த்தார். குடை மடங்கியது.

நானும் ஒரு நாற்காலியை இழுத்து வெயிலில் போட்டுக்கொண்டேன் — இதற்கு மேல் கறுக்க என்னிடம் இடமில்லை.