செத்த கோடு

விருந்தாளியாக ஒரு வீட்டுக்குப் போனால் சிலர் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்பார்கள். சிலர் வீட்டு வாடகையைத் துருவுவார்கள். இவள் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, கேஸ் லைட்டரை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, பொறி பறப்பதைக் காட்டி, இதற்குள் இருப்பது எங்கள் படிகம்தான் என்பாள். கார் பின்னால் நகரும்போது கீச்கீச்சென்று எச்சரிக்கும் கருவிக்குள்ளும் அதுதானாம். கைபேசிக்குள் மிளகைவிடச் சின்னச் சின்னத் துணுக்குகளாக அதன் பங்காளிகள் இருக்கிறார்களாம். வெயிலை மின்சாரமாக்கப் புதுவகைத் தகடு ஒன்று செய்து பார்க்கிறார்களே, அதுவும் அதே குடும்பம்தானாம். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. அவள் கணவனின் தங்கைதான் முதலில் அவளுக்குப் "படிகம்" என்று பெயர் வைத்தாள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் முகத்துக்கு முன்னாலும் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

அவள் வேலை பார்த்தது ஸ்கேன் புரோப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில். வயிற்றில் பசையைத் தடவி டாக்டர் இழுத்துத் தேய்ப்பாரே, கைக்கு அடக்கமான ஒரு கருவி, அதுதான் புரோப். அதன் முகத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட படிகக் கீற்றுகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் தொட்டால் அவை துடித்து, காதுக்கு எட்டாத ஒலியை உடம்புக்குள் அனுப்பும். உள்ளே முட்டித் திரும்பும் ஒலி வந்து அழுத்தினால் அதை மறுபடி மின்சாரமாக்கிக் கொடுக்கும். ஒவ்வொரு கீற்றுக்கும் தலைமுடிபோல ஒரு கம்பி. அறுந்த கம்பியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பற்றவைப்பது அவள் வேலை. முன்பு துணியில் மணி கோத்துத் தைத்துக்கொண்டிருந்தவள். கை நடுங்காது என்பதற்காகவே முதலாளி அவளை எடுத்தார்.

சேர்ந்த புதிதில் படிகத்தின் அமைப்பை அவளுக்கு விளக்கியவரும் முதலாளிதான். அதன் பெயர் பெரோவ்ஸ்கைட். கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னப் பெட்டி. எட்டு மூலைகளிலும் எட்டுப் பெரிய அணுக்கள், ஆறு பக்கங்களிலும் ஆக்சிஜன், நட்டநடுவில் ஒரு பொடி அணு. அந்தப் பொடியன் நடுவிலும் நிற்கமாட்டான், ஓரத்துக்கும் போகமாட்டான். தொட்டால் நகர்வான், அழுத்தினால் நகர்வான். அவன் அசைவில்தான் அத்தனை வித்தையும் இருக்கிறது. மூலையிலும் நடுவிலும் ஆட்களை மாற்றிப் போட்டால் பெட்டி வேறு வேலைக்குப் போகும், ஆனால் கட்டுமானம் அப்படியே இருக்கும். இதைக் கேட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு உலகம் எப்படிச் சும்மா இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள்.

பட்டறைக்கு வரும் புரோப்புகளில் ஒன்றைக்கூட யாரும் கீழே போட்டதே இல்லை. எல்லா ஆஸ்பத்திரியும் சத்தியம் செய்யாத குறையாக அப்படித்தான் சொல்லும். முகம் பிளந்து, ஒயர் பிதுங்கி வந்ததுகூடத் தானாகவே அப்படி ஆனதுதான். உள்ளே நாலைந்து கீற்று வேலை நிறுத்திவிட்டால் திரையில் மேலிருந்து கீழே கறுப்பாக ஒரு பட்டை விழும். பட்டறையில் அதைச் செத்த கோடு என்பார்கள். நோயாளியை எப்படிப் புரட்டினாலும் அது திரையில் அதே இடத்தில் அடம்பிடித்து நிற்கும். பழக்கமில்லாதவர்கள் அதை உடம்பின் கோளாறு என்று நினைத்துப் பதறுவார்கள் என்பது அவளுடைய நிரந்தரக் குறை. ஸ்கேன் படம் எதைப் பார்த்தாலும் அவள் முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான்.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டினார். அவருக்குச் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. தங்கை விடாப்பிடியாக அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். பித்தப்பையில் கல், எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் படத்தை மனைவியிடம் நீட்டினார்.

படத்தில் கறுப்பாக ஒரு பட்டை இறங்கியிருந்தது. மேற்பகுதி அச்சில் வெட்டுப்பட்டிருந்ததால் பட்டை எங்கே தொடங்குகிறது என்பது சரியாகத் தெரியவில்லை. வெட்டுப்பட்ட ஓரத்தை ஒட்டி, பட்டையின் தலைமாட்டில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கட்டிய புருஷனின் வயிற்றைக் கிழிப்பதா, எவனோ கீழே போட்ட புரோப்பைக் குறை சொல்வதா என்று வந்தால் எந்தப் பெண்ணும் எதைத் தேர்ந்தெடுப்பாளோ அதையே அவளும் தேர்ந்தெடுத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லங்க. மெஷின்ல நாலு கோடு செத்துப்போயிருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். தங்கை மட்டும் விடவில்லை. வேறு இடத்தில் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தால் குடியா முழுகிவிடும் என்று வாதாடினாள். படிகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் இதிலேயே கிடந்து உழல்கிறவளுக்கு ஸ்கேன் பாடம் நடத்த வந்துவிட்டாயா என்று கேட்டாள். அவரும் மனைவி பக்கமே சாய்ந்தார். நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நாள் வலி எட்டிப் பார்க்கவில்லை. படிகம் பட்டறையில் தலைகால் புரியாமல் திரிந்தாள். வீட்டில் எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் ஏனோ நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டதற்கு எண்ணெய் விலையைச் சொன்னாள்.

பிறகு ஒரு நாள், பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்ட கையோடு அவர் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. கண் மஞ்சளித்திருந்தது. தங்கைதான் முதலில் ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். படிகம் பட்டறை உடுப்போடு அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவரை ஸ்கேன் அறையில் படுக்க வைத்திருந்தார்கள்.

அவள் திரையைப் பார்க்கும் முன் புரோப்பைத்தான் பார்த்தாள். பழக்கதோஷம். ஒயரின் கழுத்தில் இருந்த பச்சை டேப் அவள் கையால் சுற்றியது. போன மாதம் அவள் மேசையிலிருந்து போன புரோப் அது. ஒவ்வொரு கீற்றாகச் சோதித்து, எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பியது. குறை சொல்ல இனி ஒரு கருவியும் மிச்சமில்லை.

திரையில் அதே கறுப்புப் பட்டை. இந்த முறை முழுதாகத் தெரிந்தது; அது மேலிருந்து இறங்கவில்லை, வெள்ளைப் பொட்டுக்கு அடியிலிருந்து தொடங்கியது. டாக்டர் அவரை இடப்பக்கமாக ஒருக்களிக்கச் சொன்னார். பொட்டு மெல்ல உருண்டு ஓரத்துக்குப் போயிற்று. பட்டையும் அதன் கூடவே நகர்ந்தது. பொட்டுதான் கல், பட்டை அது ஒலியை மறித்ததால் விழுந்த நிழல். செத்த கோடு நகராது. நகருமா என்று பார்க்க அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் சொல்லவில்லை.

பித்தப்பையில் சீழ் வைத்துவிட்டது, உடனே எடுக்க வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். இதை இவ்வளவு முற்றவிட்டது ஏன் என்றும் கேட்டார். சம்மதக் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியபோது கணவர் வாங்க மறுத்தார். மனைவி பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் போடுகிறேன் என்று முனகினார். டாக்டருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. தங்கை அண்ணியின் முகத்தையே பார்த்தாள். குத்திக்காட்ட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனாலும் அவள் அண்ணியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"கோடு ஒண்ணும் சாகலங்க. அன்னைக்கும் சாகல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள் படிகம். அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தவள் அழுதே விட்டாள்.

அவர் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வலியில் அது பாதிச் சிரிப்பாகத்தான் வந்தது.

"எனக்குத் தெரியும். கத்தின்னா எனக்குப் பயம். நீ மெஷினைத்தான் திட்டுவேன்னு தெரிஞ்சுதானே படத்தை உன்கிட்டக் கொண்டு வந்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. இத்தனை நாள் தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே பயத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். பேனாவை டாக்டரிடமிருந்து வாங்கி, கணவரின் விரல்களுக்கு நடுவே வைத்து, கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள்.

தள்ளுவண்டி நகர்ந்தபோது அவர் தலையைத் திருப்பி, "போகட்டுமா?" என்று கேட்டார்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

அவரும் போய்விட்டு வந்தார். பித்தப்பை மட்டும் கூட வரவில்லை.