எஸ் எழுத்தில் பதினைந்து வினைச்சொற்கள்

என் மகளின் தமிழாசிரியை அவளைப் புகழ்ந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நான்காம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை மதிப்பெண் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை என்றார். மற்ற பிள்ளைகள் ‘ஸ்டார்ட் பண்ணலாமா மிஸ்’ என்று கேட்டால், இவள் ‘தொடங்கலாமா மிஸ்’ என்று கேட்பாளாம். சண்டையில்கூட ‘ஸ்டாப்’ என்று கத்தமாட்டாளாம், ‘நிறுத்து’ என்பாளாம்.

“உங்க வீட்ல எல்லாருமே சுத்தத் தமிழ்தான் பேசுவீங்களா?” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். வரிசையில் நின்ற அம்மாக்கள் பார்த்த பார்வையில் கொஞ்சம் பொறாமைகூடத் தெரிந்தது. எனக்கோ எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அப்படித் தமிழ் பேசுவதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. முப்பது வருடமாக நான் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

எஸ் எழுத்தில் தொடங்கும் ஆங்கில வினைச்சொற்கள் எனக்கு வாயில் வராது. அந்த எழுத்தின் பெயரைச் சொல்வதில் சிக்கலில்லை, அது ‘எ’வில் தொடங்குகிறது. சோறு, சாவி, சொல்லு எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்கேன், சப்மிட், செலக்ட் என்று வந்தால் மட்டும் பல்லுக்குப் பின்னால் நாக்கு ஒட்டிக்கொண்டு காற்று மட்டும் போகும். ஏன் அப்படி என்று எந்த மருத்துவரிடமும் நான் கேட்டதில்லை. கேட்பதென்றால் அதைச் சொல்லிக் காட்ட வேண்டுமே.

பள்ளியில் எங்கள் ஆங்கில ஆசிரியை பெஞ்சுக்கு ஓர் எழுத்து கொடுப்பார். அந்த எழுத்தில் பத்து வினைச்சொற்களை எழுந்து நின்று கடகடவென்று சொல்ல வேண்டும். எனக்கு எஸ் வந்தது. பத்தும் தெரியும், வாய் திறந்தேன், ‘ஸ்ஸ்ஸ்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முன்னால் ஓர் ‘இ’ போட்டுக்கொண்டு ‘இஸ்டார்ட்’ என்று தப்பிக்கப் பார்த்தேன். படிக்காதவர்கள் மாதிரி பேசாதே, திரும்பச் சொல் என்றார். திரும்பவும் ‘ஸ்ஸ்ஸ்’. அறுபது பிள்ளைகள் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் குக்கர். எத்தனை விசில் என்று கேட்பார்கள்.

ஒரு பொருளின் பெயர் வரவில்லையென்றால் கையால் காட்டிவிடலாம். வினைச்சொல் அப்படியல்ல, வேலை நடக்கிற அந்த நொடிக்கே அது வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுச் சொல்லைத் தயாராக வைத்துக்கொண்டேன். பேசுவதற்கு முன்பே வாக்கியத்தின் கடைசிவரை பார்த்துவிடுவேன். எஸ் எங்காவது நின்றால் அதற்கு முன்பே வேறு தெருவில் திரும்பிவிடுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை என்று அல்லாவின் மேல் ஆணையாக நம்பினேன்.

இதில் வேடிக்கை, நான் போய் உட்கார்ந்த வேலை. லாஸ்பேட்டையில் கல்லூரிகளுக்குப் பக்கத்தில், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை. நாள் முழுக்க ஸ்கேன், சப்மிட், சேவ், செண்ட், சைன். அத்தனையையும் நான் தமிழிலேயே ஓட்டினேன். ‘இந்தத் தாளைப் படம் எடுத்துடறேன்’, ‘அனுப்பிடட்டுமா?’, ‘இங்க கையெழுத்து போடுங்க’. மாணவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மனம் உருகிப்போய், பாய் வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு தமிழ்ப்பற்றா என்று எனக்கு ஒரு சால்வை கொண்டுவந்து போர்த்தினார். எங்கள் வீட்டில் நாங்கள் வேறு என்ன மொழி பேசுவோம் என்று நினைத்தாரோ! பொங்கலுக்குத் தமிழ் மன்றத்தில் வந்து பேசச் சொன்னார். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அந்தச் சால்வையை இன்றுவரை நான் பிரிக்கவில்லை, அதைப் பார்த்தாலே திருட்டுப் பொருளை வைத்திருப்பதுபோல் இருக்கும்.

இப்போது என் மகளுக்கும் பாராட்டு கிடைத்துவிட்டது. கூட்டம் முடிந்து வெயிலில் நடந்து வரும்போது ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது. அவள் என்னிடமிருந்து கற்றுக்கொண்டது தமிழையா, திக்கலையா?

அந்த வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அவள் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோழியிடம் போனில் பேசினாள், ‘படத்த அனுப்பு’ என்றாள். சைக்கிளில் போனாள், ‘நில்லு நில்லு’ என்றாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்துவிட்டுச் சட்டென்று மூடினாள். கண் ஒரு பக்கம் போய் வந்தது. பிறகு, ‘ஆரம்பிக்கலாம்’ என்றாள். அந்தக் கண் அசைவு எனக்குத் தெரியும். வேறு தெருவில் திரும்புகிறவளின் கண் அது. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன்.

என் கணவருக்குத் தவளக்குப்பத்தில் செருப்புக் கடை. இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். அவரிடம் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். மகளுக்கு இப்படி இருக்கிறது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். பன்னிரண்டு வருடமாக மறைத்ததை எந்த வாயால் சொல்வது? அவளையாவது காப்பாற்ற வேண்டும் என்ற பயமும், நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயமும் ஒன்றையொன்று பிடித்து இழுத்தன. உண்மையைச் சொன்னால், பல நாள் இரண்டாவது பயம்தான் ஜெயித்தது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை அவளுடைய டைரியில் ஆங்கில ஆசிரியை எழுதியிருந்தார்: எஸ் எழுத்தில் பதினைந்து வினைச்சொற்கள், மனப்பாடம், பெற்றோர் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். டைரியை மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தேன். ஊரெங்கும் ஆங்கில ஆசிரியைகள் இந்த எழுத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ!

“நீ கையெழுத்து மட்டும் போடும்மா. ஒப்பிக்கறது வேணாம், எனக்குத் தெரியும்,” என்றாள்.

ஏன் என்று கேட்டேன். தொண்டை வலிக்கிறது என்றாள். அதே பொய்! பத்து வயதில் நான் சொன்ன பொய்யை, வரி மாறாமல் என் பிள்ளை சொல்கிறாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இவளுக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், இவளும் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வாக்கியத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

அதற்குள் என் கணவர் கடையிலிருந்து வந்துவிட்டார். அவர் முன்னாலேயே சொல் என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவள் அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

“சொல்லும்மா, பரவால்ல,” என்றார் அவளிடம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்டாண்ட், ஸ்பீக், ஸ்மைல், ஸ்லீப். நான் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தயாரானேன். ஒன்றுமே சிக்கவில்லை. ஸ்விம், சிங், சிட், செண்ட் என்று பதினைந்தையும் ஒரே மூச்சில், மழை பெய்கிற மாதிரி கொட்டி முடித்தாள். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொற்கள் அதுவரை கேட்டதே இல்லை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகையும் வந்தது. இவ்வளவு நன்றாகச் சொல்கிறாயே, பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவே இல்லை என்று கேட்டேன். அவள் மறுபடியும் அத்தாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீ கஷ்டப்படுவேன்னு அத்தா சொன்னாங்க. அதான் வீட்ல சொல்றதில்ல. மறந்து வாயில வந்துடும்னு ஸ்கூல்லயும் சொல்றதில்ல.”

நான் அவரைப் பார்த்தேன். எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார்.

“நிக்காஹ் ஆன மொத மாசமே எனக்குத் தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்துட்டேன்.”

பன்னிரண்டு வருடம் ஒருவர் தன் வாயைக் கட்டியிருக்கிறார். வண்டியை எடுக்கும்போதும், டிவியை நிறுத்தச் சொல்லும்போதும், கடைப்பையனைப் போனில் திட்டும்போதும் அவர் எந்தச் சொல்லைப் பேசாமல் இருந்தார் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையும் அதில் சேர்ந்துகொண்டிருக்கிறாள். நான் அவளிடம் தேடியது திக்கலை. அவளிடம் இருந்தது, எனக்கு வலிக்குமோ என்ற பயம். நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டைரியை என் மடியில் வைத்தாள்.

“இனிமே வீட்ல சொல்லலாமாம்மா?” என்றாள்.

சொல்லலாம் என்றேன். கையெழுத்துப் போட்டேன். அது கோணலாக விழுந்தது.

மறுநாள் காலை அவளைப் பள்ளியில் விட அவர் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். அவள் பின்னால் ஏறிப் பையைச் சரிசெய்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, ‘அத்தா, ஸ்டார்ட் பண்ணுங்க’ என்றாள். சொன்னவுடன் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. சிரித்துக்கொண்டே நின்றேன், துப்பட்டாவின் நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். அதையும் அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.