பெரட்டில் கூப்பிடாத பெயர்

புதன்கிழமை, காலை ஏழரை. ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பஸ் வரும்வரை மழைக்கு ஒதுங்கி ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். முற்றத்தில் பெரட்டு நடக்கிறது. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புகிறார். அப்போதே அவரவர் கடிதங்களையும் கொடுக்கிறார். லயத்து வரிசை வீடுகளுக்குத் தபால்காரர் போவதில்லை.

எல்லோரும் போனபின் சன்னல் விளிம்பில், செல்வராணி என்ற பெயருக்கு ஒரு கடிதம் கிடக்கிறது. அனுப்பியது விமான நிலையச் சுகாதாரப் பிரிவு. எடுத்துத் தபால் முத்திரையைப் பார்க்கிறேன். ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

"இத ஏன் கொடுக்கல?"

"குவைத்துல இருந்து வந்த புள்ளைக்குங்க. செக்ரோல்ல, அதான் வேலையாள் பதிவுல, அதோட பேரு இல்ல. பேரு இல்லாத ஆள எப்படிங்க பெரட்டுல கூப்பிடுறது?"

"ஆள் எங்க இருக்காங்க?"

"இந்தா, கீழ் லயந்தான்." குரல் கொடுக்கிறார்.

செல்வராணி, தன் அக்காவின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி படியேறி வருகிறாள். கண்கள் சிவந்திருக்கின்றன.

"என்னா குவைத்து ராணி, நம்ம குளிரு ஒத்துக்கலையா?" என்கிறார் கணக்கப்பிள்ளை.

"ரெண்டு நாளா காய்ச்சலுங்க" என்று சிரித்துக்கொண்டே நான் கொடுத்த உறையைக் கிழிக்கிறாள்.

அவள் வந்த விமானத்தில், முன் இருக்கைக்காரருக்குச் சின்னமுத்து, அதாவது தட்டம்மை. காய்ச்சல் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். கைக்குழந்தைகளை நெருங்கக் கூடாது. இரண்டு முறை சத்தமாக வாசிக்கிறாள்.

"பிளேன்ல குடுத்த பாரத்துல அட்ரஸ் சரியாத்தாங்க எழுதுனேன்."

பிறகு குழந்தையைத் தன் உடம்பிலிருந்து விலக்கி, இரு கைகளாலும் எங்களை நோக்கி நீட்டுகிறாள். கணக்கப்பிள்ளை ஓரடி பின்னால் எடுத்து வைக்கிறார். நானும் கை நீட்டவில்லை.