நீ எழுதினா நானும் எழுதுறேன்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தனக்கு ரொம்பப் பிடித்த கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பிக்கவே மாட்டேன் என்றாள்.

நாங்கள் டெக்சாஸில், சுகர் லேண்டில் இருக்கிறோம். அவள் பள்ளியில் நன்றாகப் படிக்காத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருத்தி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருந்தாள். ஒருவன் பியானோவில் பரிசு மேல் பரிசு வாங்கினான். இவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்ததால், கணக்கிலும் இயற்பியலிலும் முதலாவதாக வருகிற என் பெண்ணுக்குத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டது.

“ஐ ஆம் ஜஸ்ட் நார்மல், அம்மா. அங்கல்லாம் ஜீனியஸ்தான் போவாங்க.”

ஆனால் அந்தக் கல்லூரியின் வானியல் வகுப்புகளை போனில் ஓடவிட்டுக்கொண்டுதான் தினமும் பாத்திரம் தேய்ப்பாள். பேராசிரியர் ஏதாவது ஜோக் அடித்தால் சோப்பு நுரைக் கையோடு தனியாகச் சிரிப்பாள்.

அந்த வருடம் நானும் ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் மைக்ரோபயாலஜி படித்தவள் நான். இங்கே வந்து வேலை செய்ய அனுமதி கிடைப்பதற்குள் பாதி படிப்பு மறந்துவிட்டது. மருத்துவமனை லேபில் சேர வேண்டுமென்றால் புதிதாகத் தேர்வு எழுத வேண்டும். மறந்துபோன வேதியியலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். இரத்தத்தில் அமிலம் ஏறாமல் உடம்பு எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் புளித்தண்ணீரில் சமையல் சோடாவைக் கொட்டினாள். மேஜையெல்லாம் நுரை பொங்கி வழிந்தது. அந்த நுரையைத் தொட்டுக் காட்டியே விளக்கினாள். சட்டென்று புரிந்துவிட்டது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி விண்ணப்பங்களோடு தன்னைப் பற்றி அனுப்ப வேண்டிய கட்டுரையில் எழுத எதுவுமே இல்லை என்று புலம்பினாள்.

“எனக்கு கெமிஸ்ட்ரி புரியவச்சியே, அத எழுது.”

“அதெல்லாம் கவுன்ட் ஆகாதும்மா. நீ என் அம்மா.”

“அம்மான்னா தானா புரிஞ்சிடுமா?”

அவள் பேச்சை என் பக்கம் திருப்பினாள். “சரி, நீ ஏன் எக்ஸாம் டேட்டைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க? யூ ஆர் ரெடி.”

“எனக்கெல்லாம் வராதுடி. சின்னச் சின்னப் பிள்ளைங்க எழுதற பரீட்சை அது.”

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கணவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ரெண்டு பேரும் ஒரே டயலாக்கத்தான் மாத்தி மாத்திப் பேசறீங்க!”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. “டீல். நீ எக்ஸாம் எழுதினா நானும் எழுதுறேன், அந்தக் காலேஜுக்கே.”

அன்றைக்கே நான் தேதி வாங்கினேன். அவள் புளித்தண்ணீரைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். நான் நுரையைத் துடைத்துக்கொண்டே “இன்னொரு தடவை பண்ணு” என்று கேட்டேனாம். எனக்கே மறந்துபோனதை அவள் எழுதியிருந்தாள். முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன்.

டிசம்பரில் தேர்வு எழுதினேன். கம்ப்யூட்டர் திரையில் ‘பாஸ்’ என்று வந்ததும் வெளியே ஓடினேன். காரில் காத்திருந்தவள் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டு ஹாரனை அழுத்தினாள். பக்கத்துக் காரில் இருந்தவர் என்ன ஏதென்று இறங்கியே விட்டார்.

அவளுக்குக் கல்லூரியிலிருந்து முடிவு வந்தது மார்ச்சில். இந்தியக் கடையில் பில் போடும் வரிசையில் நின்றிருந்தோம். போனைப் பார்த்தவள், “அம்மா, அம்மா, அம்மா!” என்று கத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் மாட்டிக் கொத்தமல்லிக் கட்டு நசுங்கியது. பில் போட்ட ஆன்ட்டி விவரம் கேட்டுவிட்டு, ஒரு டப்பா மைசூர்பாகைப் பிரித்து வரிசையில் நின்ற எல்லோருக்கும் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்கள் வாயில் இனிப்போடு அவளை வாழ்த்தினார்கள்.

அவள் கல்லூரி இருப்பது வடக்கே, பனி கொட்டும் ஊரில். ஜூலையில், வெயில் கொளுத்திய ஒரு மதியம், அவளுக்குக் குளிர் கோட்டு வாங்கப் போனோம். முழங்கால் வரை தொங்கும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வேர்த்து வழிய நின்றாள். “எப்படி இருக்கேன்?”

“நார்மலா இல்ல” என்றேன்.

கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.