அந்தோணியின் நம்பர்

எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்துத் திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறைக்குப் போவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, வெல்டர் ஆகக் கேட்கும் சர்டிபிகேட் இல்லாததால் ஒன்பது வருடமாக வெல்டிங் ஹெல்பர்தான். வெல்டர்கள் தாங்கள் போட்ட ஜாயிண்ட் ஓரத்தில் தங்கள் நம்பர் அச்சை வைத்துத் தட்டுவார்கள். ஹெல்பருக்கு நம்பர் கிடையாது.

ஒருநாள் என் வெல்டர் அந்தோணி சாப்பிடப் போனபோது, ஆசை தாங்காமல் அவர் மிச்சம் வைத்த ஜாயிண்டை நானே போட்டு, அவர் நம்பரையும் தட்டிவிட்டேன். சாயங்காலம் அது, உள்ளே பழுது இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரேக்குப் போய்விட்டது. பழுது தெரிந்தால் அவர் வேலை போய்விடும். மறுநாள் காலை பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இறங்கியதும் ஓடிப்போய் அந்தோணியிடம் உண்மையைச் சொன்னேன்.

"என் பொழப்புலயே கை வச்சுட்டியேய்யா!" என்று கத்தினார்.

பிலிம் சுத்தமாக வந்தது. ஃபோர்மேன் அந்தோணியைப் பாராட்டினார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நம்பர் என்னுது சார், ஆனா கை இவரோடது" என்று என்னைக் காட்டினார்.

இருவருக்கும் செம திட்டு. ஆனால் அடுத்த வாரமே எனக்கு டெஸ்ட் வைத்து, நம்பரும் கொடுத்தார்கள்.

இன்று எனக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. என் அச்சை யாருக்கும் இரவல் தருவதில்லை. கை தேறிய ஹெல்பருக்கு, சர்டிபிகேட் கேட்காமல், சொந்தமாக ஓர் அச்சு செய்து கொடுத்துவிடுகிறேன்.